பின்பாதி சொன்னவர்

பேய்பிசாசை நான் நம்பியவன் இல்லை. நம்பாதது மட்டுமா, எங்கள் ஊரில் உலவிய பேய்களில் பாதியை நானே தயார் செய்து அனுப்பியிருக்கிறேன். கல்லறைத் தோட்டத்து வேலியோரம் வெள்ளை வேட்டியை முக்காடு போட்டு உட்கார்ந்துகொண்டு, ஆண்டிமடம் சந்தையிலிருந்து திரும்புகிறவர்களிடம் ஈனக்குரலில் வெற்றிலை பாக்குக் கேட்டது நான்தான். ஒருவர் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினார். மறுநாள் அவரே என்னிடம் வந்து அந்தப் பேய் பனைமர உயரம் இருந்தது என்று சத்தியம் செய்தார். நான் எப்படிப்பட்ட குள்ளன் என்பது ஊருக்கே தெரியும். அப்படிப்பட்டவன் இப்போது ஒரு கதையைத் தூக்கிக்கொண்டு வந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்பது தெரியாமலில்லை. ஊர் நாடகத்தில் வருஷா வருஷம் கோமாளி வேஷம் கட்டுகிறவன், மேடையை விட்டு இறங்கி நின்று நிஜமாகவே வயிறு வலிக்கிறது என்றால் ஜனங்கள் இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள், அவ்வளவுதான். சிரியுங்கள். முழுவதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

இப்போது சண்டையும் முடிந்து வெள்ளைக்காரனும் போய்விட்டான். இது சண்டை நடந்துகொண்டிருந்தபோது நடந்தது. எங்கள் ஊர் வரதராசன்பேட்டைக்குக் கிழக்கே, வண்டி போனால்தான் அது பாதை என்று தெரியும்படியான ஒரு செம்மண் தடத்தின் முடிவில் இருக்கிறது. எல்லாம் கத்தோலிக்கக் குடும்பங்கள். ஆளுக்குக் கொஞ்சம் கடலைக்கொல்லை, கொஞ்சம் கம்பு. ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்திருந்த சமயம், என் மனைவி அன்னம்மாள் குளிர்காய்ச்சலில் விழுந்து கட்டிலோடு கிடந்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆளைப் பிடித்து உலுக்குகிற காய்ச்சல் அது. எத்தனை கம்பளி போட்டாலும் பல் கிட்டும், பிறகு சட்டி காய்கிற மாதிரி உடம்பு காயும், பிறகு வேர்த்து ஊற்றிப் பிணம் மாதிரி கிடப்பாள். இந்தக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரையெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது, நமக்கு அதன் பேர் மட்டும்தான் மிச்சம். உடையார்பாளையத்திலிருந்து வண்டி வைத்துக் கூட்டிவந்த டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார், நாடியைப் பிடித்துப் பார்த்தார், என்னை வெளியே கூப்பிட்டார்.

"இன்னும் ஒரு தடவ நல்லா குளிர் கண்டுச்சுன்னா இந்த உடம்பு தாங்காதுப்பா. நனைய விட்றாத. ஈரக்காத்துகூட மேல படக்கூடாது."

ஆகட்டும் சார் என்றேன். அவர் வண்டி ஊர் எல்லையைத் தாண்டியிருக்குமோ என்னவோ, காற்று திரும்பியது. டாக்டர் சொன்னது மழைக்குக் கேட்டுவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலையில் காற்று மட்டும் இருந்தது. மத்தியானத்துக்குள் மழையும் சேர்ந்துகொண்டு, அடுப்பில் வைத்த பானைக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஊரே இருட்டிப் போயிற்று. தென்னை மட்டைகள் பறந்துபோய் அடுத்தவன் கூரையில் விழுகிற சத்தம். பிறகு அடுத்தவன் கூரையே பறக்கிற சத்தம். கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. பெருங்காற்றுக்கு மணி அடிப்பது எங்கள் ஊர் வழக்கம். காற்று அடங்கவேண்டும் என்றுதான் அடிப்பது, ஆனால் அதைக் கேட்டதும் ஜனங்கள் கோயிலுக்கு ஓடிவிடுவார்கள். எங்கள் ஊரில் சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டியது அது ஒன்றுதான், மற்றதெல்லாம் மண்.

என் மச்சான் அருளப்பன், அன்னம்மாளின் தம்பி, தலையில் ஓலைக்கூடையைக் கவிழ்த்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினான்.

"மாமா, வாங்க. அக்காவத் தூக்கிக்கிட்டுக் கோயிலுக்குப் போயிருவோம்."

"எப்படிடா தூக்குறது?"

"கட்டிலோட. நீங்க தலமாடு, நான் கால்மாடு."

"கொளத்துல முக்கி எடுத்த மாதிரில்ல போயிச் சேருவா. டாக்டர் என்ன சொல்லிட்டுப் போனாரு, நீயும்தானே நின்ன?"

"வூடு விழுந்துச்சுன்னா?"

"இது விழாதுடா. எங்கப்பன் கட்டுன வூடு."

"அதனாலதான் கேக்குறேன் மாமா."

அவனுக்கு நிற்க நேரமில்லை, வீட்டில் கைக்குழந்தை. மழை கொஞ்சம் விட்டதும் ஆள் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். தெருவில் வேறு ஆளில்லை. கதவைச் சாத்தி உலக்கையை முட்டுக்கொடுத்தேன். தூக்கிக்கொண்டு போனால் நனைந்து சாவாள், இங்கேயே இருந்தால் ஒருவேளை பிழைப்பாள், வீடு நின்றால். எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

அருளப்பன் சொன்னதில் உண்மை இருந்தது. மண்சுவர் வைக்கிறவர்கள் பக்கத்திலேயே மண் வெட்டிக் குழைப்பார்கள், அது எல்லோரும் செய்கிறதுதான். புத்தியுள்ளவன் இருபது அடியாவது தள்ளிப்போய் வெட்டுவான். என் அப்பாவுக்கு மண் சுமக்கச் சோம்பல். மேற்குச் சுவருக்கு வேண்டிய மண்ணை அந்தச் சுவரின் காலடியிலேயே வெட்டி எடுத்தார். அதனால் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் முழுகுகிற பள்ளம். கோடையில் அதில் ஆடு இறங்கினால் ஏற முடியாமல் கத்தும், மழைக்காலத்தில் தவளை கத்தும். அந்தப் பக்கம் நடக்கக்கூட ஒரு சாண் இடம் கிடையாது.

ஓடு போட்ட கூரை ஏழெட்டு இடத்தில் ஒழுகியது. சட்டி, பானை, சொம்பு, கடைசியில் என் நாடகத் தொப்பி வரைக்கும் வைத்துப் பார்த்தேன். வீட்டுக்குள் சொட்டு விழாத இடம் ஒன்றே ஒன்று, மேற்குச் சுவரோரம். அங்கேதான் கட்டிலை இழுத்துப் போட்டு, அன்னம்மாளின் தலைமாடு சுவரைத் தொடும்படி வைத்தேன். கண்ணை மூடியே கிடந்தாள். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

இடி தலைக்கு மேலேயே இடிக்கத் தொடங்கியது. எங்கள் வீடுகளில் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுக்கிற ஓலையை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். இடி மின்னல் கடுமையானால் அதில் ஒரு கிள்ளு கிள்ளி நெருப்பில் போடவேண்டும், அந்தப் புகைக்கு இடி விலகும் என்பார்கள். இதை நான் எத்தனை தடவை கேலி செய்திருப்பேன் தெரியுமா, இடிக்கு இருமல் வரும் போலிருக்கிறது என்று. அன்றைக்கு ஒரு கிள்ளு போட்டேன். அடுத்த இடிக்கு இன்னொரு கிள்ளு. அதற்கடுத்த இடிக்கு முழு ஓலையையும் அடுப்பில் திணித்துவிட்டேன். கூரை ஒழுகி நனைந்திருந்த ஓலை, வீடு முழுக்கப் புகை மண்டி, அன்னம்மாள் இருமத் தொடங்கினாள். இடியைத் துரத்தப்போய்ப் பெண்டாட்டியைத் துரத்தப் பார்த்தேன். கையில் இருந்த ஆயுதமும் தீர்ந்தது.

மிச்சம் இருந்தது ஜெபமாலை. அதைச் சொல்கிற முறையைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. மாதா மந்திரத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று தொடங்கும் முன்பாதியை ஒருவர் சொல்ல, "அர்ச்சியசிஷ்ட மரியாயே" என்று தொடங்கும் பின்பாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்லுவார்கள். ஜெபமாலையில் கோத்த ஒவ்வொரு மணிக்கும் ஒரு தடவை, பத்து மணி உருட்டி முடிந்ததும் திரித்துவ ஸ்தோத்திரம், பிறகு அடுத்த பத்து. எங்கள் வீட்டில் எப்போதும் முன்பாதி அன்னம்மாள், பின்பாதி நான், அதுவும் முதல் பத்து வரைக்கும்தான், அதற்குப் பிறகு என் குறட்டைதான் அவளுக்குப் பின்பாதி. அன்றைக்கு அவள் வாய் திறக்கிற நிலையில் இல்லை. இரண்டு பாதியையும் நானே சொல்லவேண்டும். ஒரே ஆள் இரண்டு பக்கமும் நின்று சடுகுடு ஆடுகிற மாதிரி.

அவள் மாலையை அவள் விரலிலேயே சுற்றிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று ஆரம்பித்தேன். முன்பாதி சொன்னேன். பழக்கதோஷம், மூச்சு வாங்க நிறுத்தினேன். பின்பாதி வந்தது. அடுத்த முன்பாதி சொன்னேன். பின்பாதி வந்தது. நம்பினால் நம்புங்கள், நாலைந்து மந்திரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது, பின்பாதியை நான் சொல்லவில்லை என்று.

அன்னம்மாளின் உதட்டைப் பார்த்தேன். அசையவில்லை.

காதைத் தீட்டிக்கொண்டு, தயங்கித் தயங்கி இன்னொரு முன்பாதியைச் சொன்னேன். மேற்குச் சுவர்ப் பக்கமிருந்து பதில் வந்தது. அவசரமில்லாத குரல். மழையில் மாட்டிக்கொண்டவர் குரல் மாதிரி இல்லை, தினமும் சொல்லிப் பழகியவர் வேலையோடு வேலையாகச் சொல்லுகிற மாதிரி. ஆணா பெண்ணா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. வயசானவர் குரலா என்றால் அதுவும் இல்லை. ஈரமான குரல் என்று மட்டும் சொல்வேன், அது எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள்.

எனக்கு முதலில் வந்தது கோபம். ஊரை ஏமாற்றினவனை எவனோ ஏமாற்றுகிறான் என்று நினைத்தேன். சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

"டேய் அருளப்பா, வெளாடுற நேரமாடா இது. ஒங்கக்கா உசுருக்குக் கெடக்குறா. உள்ள வா."

மழைச் சத்தம்தான் இருந்தது.

"வேற யாராச்சும்னா பேரச் சொல்லுங்க. கதவு கெழக்கால இருக்குது. வந்து ஒண்டிக்குங்க."

அதற்கும் பதில் இல்லை. அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம் என்பது ஞாபகத்துக்கு வந்தது. அத்தனை நேரம் பெய்த மழைக்கு அது நிறைந்து தளும்பிக்கொண்டிருக்கும். புத்தி இருக்கிறவன், பள்ளம் நிறைந்தால் சுவர் என்னாகும் என்று யோசித்திருப்பான். நான், பள்ளத்தில் நிற்பது யார் என்று யோசித்தேன்.

ஓடியிருப்பேன். பொய் சொல்லமாட்டேன், முட்டுக்கொடுத்த உலக்கையைக்கூட ஒரு கையால் பிடித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அன்னம்மாளுக்குக் குளிர் கண்டது. முதலில் கால் விரல், பிறகு முழங்கால், பிறகு கட்டிலே தாளம் போட ஆரம்பித்தது. கம்பளியைப் போட்டேன், என் வேட்டியை அவிழ்த்துப் போட்டேன், கோவணத்தோடு நின்றுகொண்டு கடலைச் சாக்கைப் போட்டேன். நடுக்கம் நிற்கவில்லை. டாக்டர் சொன்ன அந்த ஒரு தடவை இதுதான் என்று தெரிந்துபோயிற்று. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்பாதியைச் சொன்னேன். பதில் வந்தது. இன்னொன்று சொன்னேன், பதில் வந்தது. அந்தக் குரல் சொல்லச் சொல்ல, என் கைக்குள் இருந்த அவள் விரல் மாலையில் ஒரு மணி தள்ளியது. நான் நிறுத்தினால் விரலும் நின்றது, நடுக்கம் கூடியது. அதற்குமேல் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. பதில் வந்தால் எனக்குப் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். அப்படி ஒரு நிலைமையில் மனிதன் இருக்கமுடியும் என்று அதற்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் அதையும் கேலி செய்திருப்பேன்.

எத்தனை சொன்னேன் என்று எனக்குக் கணக்கு விட்டுப்போயிற்று. ஆனால் அந்தப் பக்கம் விடவில்லை. நான் பாட்டுக்கு அடுத்த மந்திரத்துக்கு வாயைத் திறக்கும்போது அந்தக் குரல் முந்திக்கொண்டு, "பிதாவுக்கும் சுதனுக்கும்" என்று திரித்துவ ஸ்தோத்திரத்தை ஆரம்பித்தது. பத்து முடிந்துவிட்டது என்று எனக்கு நினைவுபடுத்தியது. குலை நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு அந்த நேரத்திலும் வெட்கமாக இருந்தது, சின்ன வயசில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த உபதேசியாரிடம் பாடம் ஒப்பிக்காமல் நின்ற பழைய வெட்கம்.

பிறகு அந்தக் குரல் கிட்டே வந்தது. சத்தம் கூடவில்லை, தூரம் குறைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது சுவருக்குள் வந்த மாதிரி, அன்னம்மாளின் தலைமாட்டில், ஒரு முழத்தில். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. இது ஜெபம் சொல்ல வரவில்லை, இவளைக் கூட்டிப்போக வந்திருக்கிறது.

அவ்வளவுதான். கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தைப் பிடித்து ஒரே இழுப்பு. கிழக்கே, கதவுப் பக்கமாக, ஒழுகுகிற இடம் எல்லாம் பார்க்கவில்லை, வைத்திருந்த சட்டி பானையெல்லாம் உருண்டு ஓடியது. கதவோரம் கொண்டுவந்து நிறுத்தினால் சரியாக அவள் முகத்துக்கு நேரே ஒழுக்கு. கைக்கு எட்டிய ஓலைக்கூடை ஒன்றை முகத்தின் மேல் கவிழ்த்தேன். போதவில்லை. கடைசியில் நானே கட்டில் மேல் ஏறி, இரண்டு பக்கமும் கையையும் முழங்காலையும் ஊன்றி, கன்றுக்குட்டியை மறைத்து நிற்கிற பசு மாதிரி அவள் மேல் கூடாரம் கட்டி நின்றேன். கோவணம் கட்டிய பசு. முதுகில் கூரைத் தண்ணீர் வழிகிறது, பல் அடித்துக்கொள்கிறது, அந்த நிலையிலும் வாய் முன்பாதியை விடவில்லை. மேற்குப் பக்கமிருந்து பதில் வந்துகொண்டேயிருந்தது. அது எங்கள் பின்னால் நகர்ந்து வரவில்லை. கட்டில் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

இரண்டு மூன்று மந்திரம் சொல்லியிருப்பேன். மேற்குச் சுவர் விழுந்தது.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம், அடியில் கரைந்த சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது, அதன் மேலிருந்த பனஞ்சட்டமும் ஓடும் சரசரவென்று இறங்கின. கட்டில் இருந்த இடத்தில் இடுப்பளவு மண்ணும் ஓடும் குவிந்துவிட்டது. திடீரென்று வீட்டுக்குள் வெளிச்சம். சாயங்காலம் ஆகியிருக்கவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. சுவர் இருந்த இடத்தில் பெரிய ஓட்டை, அதற்கு அப்பால் பள்ளம், விளிம்பு தெரியாமல் ஒரே செந்தண்ணீர், அதன்மேல் மழைத்துளி குத்திக்கொண்டிருந்தது. யாரும் இல்லை. யாரும் இருக்கவும் முடியாது.

வாய் பழக்கத்தில் இன்னொரு முன்பாதியைச் சொல்லியிருக்கிறது. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. காத்திருந்தேன். பள்ளத்துப் பக்கம் சத்தமில்லை. என் உடம்புக்குக் கீழே, ஓலைக்கூடைக்குள்ளிருந்து, இற்றுப்போன ஒரு குரல் "அர்ச்சியசிஷ்ட மரியாயே" என்று ஆரம்பித்தது. அன்னம்மாள்தான். முழுவதும் சொல்லி முடித்து ஆமென் போட்டாள். பிறகு, "ஏங்க, எறங்குங்க, மூச்சு முட்டுது" என்றாள்.

அருளப்பன் ஆட்களோடு வந்தபோது நான் அதே கோவணத்தோடு கதவைத் திறந்தேன். அவன் உள்ளே பார்த்தான், மண்குவியலைப் பார்த்தான், கதவோரம் கிடந்த கட்டிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"முன்கூட்டியே தெரிஞ்சு இழுத்துப் போட்டீங்களா மாமா?"

"ஆமாண்டா" என்றேன். வேறு என்ன சொல்வது? மனைவியைக் காப்பாற்றிய வீரன் என்று ஊரில் கொஞ்ச நாள் பேரிருந்தது. பயந்து இழுத்தேன் என்பது எனக்கும் அந்தச் சுவருக்கும்தான் தெரியும், சுவரும் போய்விட்டது.

மழை தணிந்த நேரம் பார்த்துச் சாக்கு மூடிக் கட்டிலோடு அவளைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். அன்றிரவு குளிர் வரவில்லை. அதற்கடுத்த முறை வந்தது, லேசாக வந்தது, பிறகு விட்டுவிட்டது. டாக்டருக்கே ஆச்சரியம். மருந்து வேலை செய்திருக்கிறது என்றார். எந்த மருந்து என்று நான் கேட்கவில்லை.

ஆனால் எனக்குள் அரிப்பு நிற்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் துருவினேன். அருளப்பன் கோயிலை விட்டு நகரவே இல்லை, நூறு பேர் சாட்சி. காற்றில் கோயில் ஜெபம் மிதந்து வந்திருக்குமோ என்றால், கோயில் ஊரின் கிழக்குக் கோடியில், குரல் வந்தது மேற்கே. போதாததற்கு அன்றைக்குக் கோயிலில் ஜெபமாலையே சொல்லவில்லையாம், குழந்தைகள் போட்ட கூச்சலில் பிரார்த்தனைகூடப் பாதியில் நின்றதாம். எதிரொலி என்று வைத்துக்கொள்வோம் என்றால், எதிரொலி நான் சொன்னதைத்தானே திருப்பிச் சொல்லும், நான் சொல்லாததைச் சொல்லுமா? கடைசியில் உபதேசியாரிடம் போய், வேறு யாருக்கோ நடந்த மாதிரி கேட்டேன். எங்கள் ஊரில் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார், மற்ற நாளெல்லாம் ஞானக் காரியங்களுக்கு உபதேசியார்தான்.

"பிசாசு மாதா மந்திரத்த வாயால உச்சரிக்காது. அதனால பிசாசு இல்ல" என்றார்.

"அப்ப சம்மனசாங்க?" என்றேன், தேவதூதனை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"சம்மனசுக்கு ஏதுப்பா பாவம்? அது எதுக்குப் 'பாவிகளாயிருக்கிற எங்களுக்காக'ன்னு சொல்லப்போவுது?"

"அப்ப?"

"உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாதான். நவம்பர் மாசம் அதுகளுக்கு உண்டான மாசந்தானே." உத்தரிக்கிற ஸ்தலம் என்பது, செத்தவர்கள் மோட்சம் சேருமுன் பாவத்தைக் கழிக்கிற இடம்.

"அங்க நெருப்புன்னுதானே சொல்லிக்குடுத்தீங்க. தண்ணிப் பள்ளத்துல வந்து அதுக்கு என்ன வேல?"

"சூடு தாங்காம வந்திருக்கும்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. அவர் வேடிக்கையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஒரு கோமாளியை அதைவிடக் கஷ்டப்படுத்த முடியாது.

சரி, ஏதோ ஒரு நல்ல ஆத்துமா, சுவர் விழப்போவதைத் தெரிந்து என்னைப் பயமுறுத்தி விலக்கியது என்று மனசைச் சமாதானம் செய்து வைத்திருந்தேன். அன்னம்மாளிடம் மூச்சு விடவில்லை, தேறிவருகிற உடம்பு, எதற்கு. பள்ளத்தை மூடி, சுவரைத் திரும்ப எழுப்பி, தை பிறந்து மாசியும் வந்துவிட்டது. ஒரு மத்தியானம் இருவரும் உட்கார்ந்து விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தோம். அவள் முறத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அன்னிக்கி மழையில உங்ககூட ஜெபம் சொன்னது யாரு?"

கையிலிருந்த கடலை கீழே விழுந்தது.

"ஒனக்கும் கேட்டுச்சா?"

"கேக்காம? என் காதுலதானே சொன்னாங்க."

"இத்தன நாளு ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க அதையும் ஒரு வேசமாக் கட்டி ஆடுவீங்க. அதான் சொல்லல." நாலைந்து கடலையை உடைத்தாள். "யாரா இருந்தாலும் அவங்க முழுசாச் சொல்லல."

"என்னத்த முழுசாச் சொல்லல?"

"பின்பாதிய. நீங்க கவனிக்கலையா?"

நான் மனசுக்குள் அந்தக் குரலைத் திருப்பிச் சொல்லவைத்துப் பார்த்தேன். அதை நான் மறந்ததே இல்லையே, எந்த நேரமும் கேட்கும். "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்போதும் வேண்டிக்கொள்ளும், ஆமென்." அப்படித்தான் வந்தது. ஒரு தடவை இல்லை, எல்லாத் தடவையும். நாங்கள் சொல்வது "இப்போதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்." நடுவில் இருக்கிற அந்த மரண நேரத்தை அது சொல்லவே இல்லை. மறந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை, பத்துக்குப் பத்து கணக்கு வைத்திருந்த குரல் அது. மரண நேரத்துக்காக யார் வேண்டிக்கொள்ளத் தேவையில்லை என்று யோசித்துப் பாருங்கள், நான் சொல்லமாட்டேன்.

என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அன்னம்மாள் சொன்னாள்.

"நீங்க எதுக்கு இப்படிப் பேயறைஞ்ச மாதிரி உக்காந்துருக்கீங்க? எனக்கு அன்னிக்கிப் போயிருவேன்னு தெரிஞ்சுபோச்சு. கெணத்துக்குள்ள எறங்குற மாதிரி இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்த வரும் வரும்னு காத்துக் கெடந்தேன். அது வந்ததும் போயிரலாம்னு. அவங்க சொல்லவே இல்ல. அதனால எனக்கு இன்னிக்கி இல்ல போலிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டு, உடைத்த பருப்பை முறத்தில் தட்டிப் புடைக்க ஆரம்பித்துவிட்டாள். தனக்குத் தேவையில்லாததால் விட்டுவிட்டதா, இவளுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டதா. நான் இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போதும் தினம் விளக்கு வைத்ததும் ஜெபமாலை சொல்கிறோம். அவள் முன்பாதி, நான் பின்பாதி, குறட்டை விட்டு வெகு நாளாகிறது. "எங்கள் மரண நேரத்திலும்" என்கிற இடம் வரும்போது மட்டும் என் குரல் என்னை அறியாமல் ஓங்கிவிடுகிறது, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி. எதற்கு இப்படிக் கத்துகிறீர்கள் என்று அன்னம்மாள் கேட்டதே இல்லை. அந்த இடத்தில் அவள் உதடும் சேர்ந்து அசைவதை நான் பார்த்திருக்கிறேன்.